வராதவர் கணக்கு

என் நாத்தனார் பட்டப்பகலில் வீட்டுக்கு வருகிற ஆள் கிடையாது. காய்ச்சலோடுகூட அலுவலகம் போய், அங்கே இருக்கிற டாக்டர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, சாயங்காலம்தான் திரும்புவார். அன்றைக்கு நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், செருப்புக் காலோடு, தோளில் பையோடு, நிலையில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“என்னக்கா? உடம்புக்கு என்ன?”

“தப்பாப் போட்டுட்டேன்” என்றார். “எல்லாத்தையும் தப்பாப் போட்டுட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையில் இருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது. யாரோ செத்துப்போனார்கள் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் தப்பு செய்வதற்கென்றே நானும் என் கணவரும் இருந்தோம். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவர் இருந்தார்.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. மருத்துவ ஆராய்ச்சிகளுக்குக் கணக்குப் போடுவது அவர் தொழில். அவர் அறைக் கதவில் ‘உயிரிப் புள்ளியியல்’ என்று பலகை தொங்கும். கல்யாணமான புதிதில் அது என்ன வேலை என்று கேட்டேன். “மருந்து கொடுக்கிறது டாக்டர், முழுங்கறது நோயாளி, அது வேலை செஞ்சுதா இல்லையான்னு சொல்றது நான்” என்றார். தற்பெருமை என்று நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, அடக்கமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு இதய மருந்தை எல்லாரும் ஆஹா ஓஹோ என்று கொண்டாடிக்கொண்டிருந்தபோது, மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் அதிகமாகச் சாகிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்த வைத்தவர் இவர். தூக்கம் வராதவர்கள், சிகரெட்டை விட முடியாதவர்கள், சர்க்கரையை வைத்துக்கொண்டு நடக்கச் சோம்பல்படுகிறவர்கள், எல்லாருடைய கணக்கும் இவர் மேஜைக்கு வந்துதான் போகும். பெரிய பெரிய டாக்டர்கள் இவர் எதிரில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். சின்ன வயதிலேயே என் கணவர் இவருக்கு வைத்த பெயர் ‘தராசு’.

எங்கள் கதை சுருக்கமானது. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலைக்காரர், நல்ல பேச்சுக்காரர். குடி வந்து இரண்டையும் தின்றுவிட்டது. வேலை போனது. ஒரு நாள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனவன், திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டான். ஓயாமல் கத்துவதால் சில்வண்டு என்று நாங்கள் கூப்பிடுகிற அந்தக் குழந்தை, அன்றைக்கு மட்டும் சத்தமே போடாமல், அப்பாவின் செருப்பு காலிலிருந்து கழன்று விழாமல் பிடித்துக்கொண்டு, இருட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மறுநாள் நான் பெட்டியைக் கட்டினேன். “அவன் என் தம்பிதான். ஆனா நீயும் குழந்தையும் எங்கூட வந்து இருங்க” என்று ஒற்றைக் காலில் நின்று கூட்டிவந்தவர் நாத்தனார்தான். அதை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன். கோபம் வந்தால் ‘அவன்’, தணிந்தால் ‘அவர்’ என்று என் வாயில் மாறி மாறித்தான் வரும். கட்டிக்கொண்டவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் பார்க்க வருவார். நாத்தனார் ஒரு சின்னக் கருவியோடு வாசலிலேயே நிற்பார். சோப்புக்கட்டி அளவு இருக்கும். வாயில் வைத்து ஊதினால் குடித்திருக்கிறாரா, எவ்வளவு என்று எண் காட்டும். நாத்தனாரின் ஆராய்ச்சியில் பயன்படுத்துகிற சாமான். பூஜ்யம் காட்டினால் உள்ளே அரை மணி நேரம். வேறு எதையாவது காட்டினால் அப்படியே திரும்ப வேண்டியதுதான். ஆரம்பத்தில் சில வாரம் திரும்பிப் போனார். அப்புறம் பூஜ்யமாகவே வந்தது. நானும் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஞாயிறு ஆள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. போன் எண்ணும் மாறிவிட்டது. மழை போய், குளிர் போய், வெயிலே வந்துவிட்டது, அவன் வரவில்லை.

“ஏன்க்கா வரலை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வராததுதான் பதில்” என்றார். அவர் பேச்சு எப்போதுமே வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் விவாகரத்துக்குச் சம்மதித்தேன். அவனும் மறுபேச்சு பேசாமல் சரி என்றுவிட்டதாக வக்கீல் சொன்னார். விட்டது தொல்லை என்று நினைத்திருப்பான் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாத்தனார் பட்டப்பகலில் வந்து நின்ற அதே நாள் சாயங்காலம்தான் நான் வக்கீல் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். உடுத்திக்கொண்டு போகிற துணியைக்கூட இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருந்தேன்.

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார், வெங்காயத் தோல் மேலேயே.

“அந்தக் குடி ஆராய்ச்சி இருக்குல்ல?” என்றார்.

அது எனக்குத் தெரியாமலா? வீட்டில் எந்நேரமும் அதே பேச்சுதானே. குடியை விட நினைக்கிறவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கூட்டம் வாராவாரம் மருத்துவமனைக்கு வந்து, ஆலோசகரோடு சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். இன்னொரு கூட்டம் வர வேண்டாம், ஆலோசகரே போனில் கூப்பிட்டுப் பேசுவார். எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு கூட்டமும் ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்து ஊதிக் காட்ட வேண்டும். எந்த வழி நல்ல வழி என்று நாத்தனார் தீர்ப்புச் சொல்வார்.

“ஊதிக் காட்ட நிறையப் பேர் வரலை. அதுலயும் போன் பக்கம்தான் ரொம்பப் பேர் வரலை.”

“வராதவங்களை என்ன பண்ணுவீங்க?”

“குடிச்சவங்கன்னு போடுவோம்.”

“பார்க்காமலேயா?”

“அதாம்மா விதி. விட்டவன் சந்தோஷமா வந்து ஊதுவான், குடிக்கிறவன்தான் ஒளிவான். சந்தேகம்னு வந்தா நம்ம சிகிச்சைக்குச் சாதகமா போட்டுக்கக் கூடாது, பாதகமாத்தான் போடணும். அதுதான் நேர்மைன்னு இந்தத் தொழில்ல எல்லாருமே அப்படித்தான் போடறாங்க. எங்க ஆராய்ச்சிக்கு அந்த விதியை எழுதினது நான். வராதவர் குடித்தவர். ரெண்டே வார்த்தை.”

அந்த இரண்டு வார்த்தையில் போன் பக்கம் படுதோல்வி. பெரிய டாக்டர் போன் சேவையையே மூடிவிடுவதென்று முடிவு செய்துவிட்டார். கட்டுரையும் ஒரு மருத்துவப் பத்திரிகைக்குப் போய்விட்டது. அங்கேயிருந்து யாரோ ஒரு மகராசன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான்: வராதவர்களில் யாரையாவது போய்ப் பார்த்தீர்களா? நாத்தனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வராதவர்களில் சிலரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, களப்பணி நர்ஸிடம் சொல்லி, எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து ஊத வைத்துவிட்டு வா என்று அனுப்பினார். தன் விதி சரி என்று காட்டத்தான் அனுப்பினார். நர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு அன்று காலை திரும்பியிருந்தார்.

“சிலர் குடிச்சுட்டுத்தான் இருக்காங்க. ஒருத்தர் மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டாரு. ஆனா...” டம்ளரில் தண்ணீர் தளும்பியது. “கண்டுபிடிச்சவங்கள்ல பாதிக்கு மேல பூஜ்யம். அன்னிக்கு ஒரு நாள் பூஜ்யம் இல்ல. வீட்டுல, வேலை செய்யற இடத்துல எல்லாம் விசாரிச்சாச்சு. நிஜமாவே விட்டுட்டாங்க. விட்டதாலதான் வரலை.”

“விட்டதாலயா?”

“எங்க காத்திருப்பு ஹால் இருக்கே, அங்கதான் பழைய கூட்டாளிங்க எல்லாம் சந்திச்சுக்கிறாங்களாம். ஊதி முடிச்சுட்டு ஜோடி போட்டுக்கிட்டு நேரா எதிர்க் கடைக்குப் போறாங்களாம். இது எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. விட்டவங்க அந்தப் பக்கம் தலைவெச்சே படுக்கறதில்லை. ஒருத்தர் நர்ஸ்கிட்ட கேட்டிருக்காரு, குடிய விட்டவன் எதுக்கும்மா குடிகாரங்க வரிசையில வந்து நிக்கணும்னு.”

எத்தனை பேர்! ஒவ்வொருவரும் எவ்வளவு பாடுபட்டு விட்டிருப்பார்கள்! அத்தனை பேரையும் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு குடிகாரர்கள் என்று எழுதித் தள்ளிவிட்டார்களே என்று ஆற்றாமையாக இருந்தது. என் மரமண்டைக்கு அதற்கு மேல் எட்ட இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. விட்டதால் வரவில்லை. வராதவர் குடித்தவர். வராததுதான் பதில். அந்த மூன்றாவது வாக்கியம் எங்கள் வீட்டு வாக்கியமல்லவா?

“அக்கா” என்றேன். “அப்போ உங்க தம்பி?”

அதற்காகத்தான் அவர் அலுவலகத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“தெரியாது” என்றார்.

“குடிக்கலைன்னு சொல்றீங்களா?”

“தெரியாதுன்னு சொல்றேன். குடிக்கலாம். குடிக்காமலும் இருக்கலாம். இத்தனை நாளா தெரியும்னு சொல்லிட்டிருந்தேன் பாரு, அதுதான் பொய். நான் போய்ப் பார்க்கலை. நீயும் பார்க்கலை. பார்க்காமலே போட்டுட்டேன்.”

எனக்கு வந்த கோபத்தில் கத்தியை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. “சாயங்காலம் கையெழுத்துப் போடப் போறேன்க்கா! இப்ப வந்து தெரியாதுன்னா என்ன அர்த்தம்? இந்தத் ‘தெரியாது’வை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்க மாட்டேனா?” என்று கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அதைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

“அடுப்பை அணை” என்றார் கடைசியில். “போய்ப் பார்த்துடலாம்.”

டாக்சியில் போகும்போது பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். போன் சேவையை மூட வேண்டாம், கட்டுரையைத் திரும்ப வாங்குங்கள் என்று சொன்னார். அந்தப் பக்கத்துச் சத்தம் ஓட்டுநர் காதுவரை கேட்டது.

“எல்லாரும் இப்படித்தானேம்மா போடறாங்க! நீங்கதானே அந்த விதியை எழுதினீங்க?”

“ஆமா டாக்டர். அதனாலதான் நானே சொல்றேன்” என்று வைத்துவிட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தார். நான் ஆறுதலாகப் பிடித்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அவன் தங்கியிருந்த அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே. வக்கீல் நோட்டீஸ் போன அதே விலாசம். படி ஏறும்போதே மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். காலி பாட்டில் கிடக்கும், நாற்றம் அடிக்கும், போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடப்பான், நாத்தனார் முகத்தைப் பார்த்து “பார்த்தீங்களா?” என்று கேட்டுவிட்டு நேரே வக்கீலிடம் போய்விடலாம். உண்மையைச் சொன்னால் அப்படி இருந்துவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுத்தது வீணாகப் போகாது பாருங்கள்.

கதவு பூட்டியிருந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

“அவரா? வேலைக்குப் போயிருக்காரே. நீங்க யாரு?”

“சம்சாரம்” என்றேன். சாயங்காலம்வரை அதுதானே?

“சம்சாரமா!” அதிர்ச்சியில் அந்த அம்மாவின் கையிலிருந்த துணிக் கிளிப் கீழே விழுந்தது. “ஒண்டிக்கட்டைன்னுல்ல நினைச்சேன்! எங்க வீட்டுக்காரரே பொண்ணு பார்க்கவான்னு கேட்டாரு.”

“என்ன வேலை?” என்றேன்.

“லிஃப்ட் வேலைதான். பழைய கம்பெனியிலயே திரும்பச் சேர்த்துக்கிட்டாங்களே. இன்னிக்கு மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற அடுக்குமாடிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு.”

“குடிக்கிறாரா?” என்றார் நாத்தனார், ஒளிவு மறைவில்லாமல்.

“யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க? எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் ஆசையா கூப்பிட்டதுக்கே, மன்னிச்சுக்கோங்கண்ணே, தொட்டா நான் செத்தேன்னு சொன்ன மனுஷன் அவரு!”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். “ஒருத்தர் சொன்னதை மட்டும் வெச்சு...” என்று நாத்தனார் ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அடுக்குமாடியின் கீழே ‘லிஃப்ட் பழுது’ என்று அட்டை தொங்கியது. ஜனங்கள் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு, லிஃப்ட்டைக் கண்டுபிடித்தவனில் ஆரம்பித்து எல்லாரையும் திட்டிக்கொண்டு படி ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஏறினோம். ஒரு மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெட்டி இல்லை, இருட்டுதான். குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை கட்டியிருந்தார்கள். அந்த இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இன்னும் நேரமாகும்மா! படியிலேயே போயிடுங்க!”

எத்தனையோ நாள் குழறிக் குழறிக் கேட்ட குரல். இப்போது கணீரென்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கீழே, லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடுகளவு ஆட்டம்கூட இல்லாத கை. நிமிர்ந்து பார்த்தார். விளக்கு வெளிச்சம் என் கண்ணில் அடித்தது, பக்கத்தில் அவர் அக்கா கண்ணில் அடித்தது, பிறகு அணைந்தது.

ஏணி வழியாக ஏறி வந்து, மஞ்சள் பட்டையைத் தாண்டி எங்கள் முன்னால் நின்றார். இளைத்திருந்தார். சவரம் செய்து சுத்தமாக இருந்தார். நாத்தனாரின் கை தன்னிச்சையாகத் தோள்பைக்குள் போனது.

என் கணவர் அதைப் பார்த்தார். இடுப்பில் சொருகியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு அடி முன்னால் வந்து, அக்காவின் உயரத்துக்குக் குனிந்து, கழுத்தை நீட்டி, ஊதுவதற்கு உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றார்.

நாத்தனாரின் கை வெளியே வந்தது. கையில் இருந்தது கைக்குட்டை. அவர் அழ ஆரம்பித்திருந்தார், அதைத் துடைக்கத்தான் தேடியிருக்கிறார். தம்பியின் குவிந்த உதட்டைப் பார்த்ததும் கைக்குட்டை கீழே விழுந்தது. காலையில் நர்ஸ் கொண்டுவந்த செய்தி அவரைத் தள்ளாட வைத்தது, அவ்வளவுதான். அடி விழுந்தது அந்த நிமிஷத்தில்தான். நான் கண்ணால் பார்த்தேன்.

“வேண்டாம்டா” என்றார். “ஐயோ, வேண்டாம்டா.”

“பரவாயில்லக்கா. பழகிப்போச்சு” என்று அவர் நிமிர்ந்தார்.

என் வாயில் வந்தது சண்டைதான். “ஏன் வரலை? விட்டுட்டா வந்து சொல்ல வேண்டியதுதானே? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?”

அவர் மாடிப்படியில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கடைசியா வந்தேனே, ஞாபகம் இருக்கா? பூஜ்யம்தான் காட்டிச்சு. நீங்க ரெண்டு பேரும் டீ போட உள்ள போயிட்டீங்க. சில்வண்டுக்கு ஒரு முத்தம் குடுக்கலாம்னு குனிஞ்சேன். பென்சில் டப்பாவை எடுத்து என் வாய்கிட்ட நீட்டி, ‘முதல்ல ஊது’ன்னா. ஊதினேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ‘இன்னிக்கு அப்பா பாஸு, முத்தம் உண்டு’ன்னா. விளையாட்டுதான். அவளும் சிரிச்சா, நானும் சிரிச்சேன். வெளிய வந்து நடக்கறேன், கால் நேரா கடைக்குப் போகுது. கடை வாசல்வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பினேன். இன்னொரு ஞாயித்துக்கிழமை அங்க வந்து நின்னா, அந்த வாசலைத் தாண்டிடுவேன்னு தெரிஞ்சுபோச்சு.” உள்ளங்கையைத் துணியில் தேய்த்தார். “வந்திருந்தா குடிச்சிருப்பேன். அதான் வரலை.”

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“சரி, போன்?” என்றேன் விடாமல். “எண்ணை ஏன் மாத்தினே?”

“பழைய பசங்க கூப்பிடக் கூடாதுன்னு மாத்தினேன். அறையை மாத்தலையே? கம்பெனியை மாத்தலையே? ஒரு நாள் நீ வருவேன்னு பார்த்தேன். வக்கீல் நோட்டீஸ்தான் வந்துச்சு. சரி, நீ வராததுதான் பதில்னு எடுத்துக்கிட்டேன்.”

அப்படியே அதே வார்த்தை! நாத்தனாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என்ன குடும்பம் இது, கடவுளே! ஒரே ஊரில், ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டு, போய்ப் பார்க்காமலே ஒருவர் மேல் ஒருவர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மேல் மாடியிலிருந்து ஒரு அம்மா, “லிஃப்ட் இன்னிக்கு வருமா வராதா?” என்று கத்தினார். “வந்துட்டே இருக்கும்மா” என்று குரல் கொடுத்துவிட்டு, இவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எடுத்த வேலையை முடிக்காமல் வர முடியாது என்றார். சரியென்று நாங்கள் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். நான் வக்கீலைக் கூப்பிட்டேன்.

“இன்னிக்கு வரலை சார்.”

“ஏம்மா? எல்லாம் ரெடியா இருக்கே. அப்போ எப்ப வர்றீங்க?”

“தெரியாது சார்.”

“மனசு மாறிட்டீங்களா?”

“அதுவும் தெரியாது சார்” என்று வைத்தேன். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கை மட்டும் போனது.

நாங்கள் மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நான் போனில் கேட்டுக்கொண்டபடி, பக்கத்து வீட்டு அக்கா சில்வண்டைப் பள்ளி வண்டியிலிருந்து இறக்கி, எங்கள் வீட்டைத் திறந்து, பால் கொடுத்து, உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கூடவே இருந்தார். நான் மணியை அடித்தேன். ஜன்னல் திரை விலகியது. சில்வண்டு தெரிந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு எங்களுக்குப் பின்னால், வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டவரைப் பார்த்தாள்.

“அப்பா!” என்று ஒரு அலறல். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். திரை விழுந்தது. தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது.

ஓடிய சத்தம் கதவுப் பக்கம் வரவில்லை. உள்ளே போனது. இழுப்பறைகளை இழுக்கிற சத்தம், சாமான்கள் தரையில் கொட்டுகிற சத்தம், நாற்காலியை நகர்த்துகிற சத்தம். “என்னடி தேடறே?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பதும் கேட்டது. அப்புறம் சில்வண்டு திரும்பி ஜன்னலுக்கு வந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

“அத்தை, மெஷினைக் காணோம்! எங்கே வெச்சீங்க? மெஷின் இல்லாம அப்பா எப்படி உள்ள வருவாரு?”

நாத்தனாரின் தோள்பையில்தான் இருந்தது அது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மரம் மாதிரி நின்றார். எனக்குப் பின்னால் என் கணவர் ஒரு அடி பின்னே வைக்கிற செருப்புச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னும் ஒரு அடி வைத்தால் இனி இந்த வாசலுக்கு வர மாட்டார். கையை மட்டும் பின்னால் நீட்டி, சட்டையோ எதுவோ கையில் அகப்பட்டதை, எண்ணெய்ப் பிசுக்கோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“கதவு வழியாத்தான்டி வருவாரு!” என்று கத்தினேன். “வந்து திற!”

சில்வண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“ஊத வேண்டாமா?” என்றாள், ரொம்பச் சின்னக் குரலில்.

“வேண்டாம்.”

அவள் அத்தையைப் பார்த்தாள். அந்த வீட்டில் எது சரி, எது தப்பு என்று சொல்வது அத்தைதானே. நாத்தனார் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஜன்னலில் இருந்த முகம் மறைந்தது. நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. நாங்கள் மூன்று பேரும் வாசலிலேயே நின்றோம்.